இழுப்பறையில் இருந்த கோணமானி

குற்றத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்குகளைப் பிறகு அடுக்குகிறேன். அவற்றில் எதுவும் நிற்காது என்பதையும் நானே காட்டிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு அலுமினிய வார்ப்புப் பட்டறையின் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். உலையடியில் இருந்த ஒருவர் ஒரு உலோகத் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். கையில் வாங்கிய நான் அதைப் பார்க்கவில்லை, பார்த்ததுபோலப் பேசினேன். கழிவு என்று எழுதினேன். அது மறுபடி உருக்கப்பட்டது. இது முதல் குற்றம். பல ஆண்டுகள் கழித்து, அதே துண்டை நானே கண்டுபிடித்ததுபோல மேடையில் பேசிக் கைதட்டு வாங்கினேன். இது இரண்டாவது. முதலாவதை அசட்டை என்று சொல்லி யாராவது மன்னிக்கக்கூடும். இரண்டாவதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

அந்தத் துண்டில் என்ன இருந்திருக்கலாம் என்று சொல்ல, உலோகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்படுகின்றன என்பதைக் கொஞ்சம் பேச வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இரண்டு வித அடுக்கைப் பார்த்திருப்பார்கள். துறைமுகத்துக்குள் கன்டெய்னர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றன்பக்கம் ஒன்றாக நிற்கின்றன. முதல் பெட்டி இருக்கும் இடம் தெரிந்தால் நூறாவது பெட்டி எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். சாலையோரத்தில் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். பக்கத்துக் கல் எப்படிக் கிடக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. இரும்பு, செம்பு, அலுமினியம் எல்லாம் முதல் வகை. அவை படிகங்கள். கண்ணாடி இரண்டாம் வகை. திடப்பொருளுக்கு இந்த இரண்டு வழிதான் உண்டு என்றுதான் எங்கள் தலைமுறை பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் படித்தது.

படிகத்துக்கு ஒரு சட்டமும் சொல்லிக்கொடுத்தார்கள். சுற்றித் திருப்பினால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு தடவை தன்னைப்போலவே தெரியலாம். ஐந்து கூடாது. காரணம் எளிய கணக்கு. ஒழுங்கான ஐங்கோணத்தின் ஒரு மூலை 108 டிகிரி. மூன்று ஐங்கோணங்களை ஒரு புள்ளியில் சேர்த்தால் 324. மிச்சமிருக்கும் 36 டிகிரிச் சந்தில் நான்காவது நுழையாது. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து இடத்தை அடைக்க வேண்டும் என்றால் ஐந்துக்கு இடமே இல்லை. கணக்கில் பிழை கிடையாது. ஆனால் ஒழுங்கு என்றாலே அது திரும்பத் திரும்ப வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டது நம் பிழை.

அந்தப் பிழை 1982 ஏப்ரல் 8 அன்று வெளிப்பட்டது. அமெரிக்காவின் மேரிலாந்தில், அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் விருந்தினராக இருந்த இஸ்ரேல்காரர் டான் ஷெக்ட்மன், அலுமினியத்தில் மாங்கனீசைக் கலந்து, உருக்கி, சுழலும் சக்கரத்தின்மேல் பாய்ச்சி, நொடிக்குச் சுமார் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் உறையவைத்திருந்தார். அந்த நாடாவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தபோது ஒரு மையத்தைச் சுற்றிப் பத்துப் புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகள் கூர்மையாக இருந்தால் அணுக்கள் ஒழுங்காக இருக்கின்றன என்று பொருள். பத்தாக இருந்தால் சட்டப்படி அப்படி இருக்கவே முடியாது. குறிப்பேட்டில் பத்துமடி என்று எழுதி மூன்று கேள்விக்குறி போட்டார். அதை விடாமல் வாதாடியதால், ஆய்வுக்குழுவை விட்டே வெளியேறச் சொன்னார்கள். இலன் பிளெக், தெனி கிராத்தியாஸ், ஜான் கான் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை வெளிவரவே 1984 நவம்பர் ஆகிவிட்டது. சில வாரங்களில் டோவ் லெவினும் பால் ஸ்டைன்ஹார்ட்டும் இவற்றுக்குக் குவாசிபடிகம் என்று பெயர் வைத்தார்கள். இவற்றின் அடுக்கு இப்படி: இரண்டு நீளங்கள், ஒன்றுக்கொன்று 1.618 மடங்கு, நெட்டையும் குட்டையும் ஒரு விதிப்படி மாறிமாறி வரும், ஆனால் அந்த வரிசை ஒருநாளும் முதலிலிருந்து திரும்ப வராது. அதை மூன்று திசைகளுக்கும் விரித்தால் ஐந்துமடிச் சமச்சீர் தாராளமாக வந்து உட்காரும்.

இதில் நம் நாட்டுக்காரர்கள் கை கட்டிக்கொண்டிருக்கவில்லை. மறு ஆண்டே, 1985இல், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கமானியோ சட்டோபாத்யாய, எஸ். ரங்கநாதன் உள்ளிட்ட குழு அலுமினியம்–மாங்கனீசிலேயே பத்துமடிச் சமச்சீர் கொண்ட இன்னொரு வகையைக் காட்டியது. அமெரிக்காவில் லியோனிட் பெண்டர்ஸ்கியும் அதே ஆண்டு அதைக் கண்டார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ராமச்சந்திர ராவும் ஜி. வி. எஸ். சாஸ்திரியும் வேறு வழியில் யோசித்தார்கள். சாதாரணப் படிகங்களிலேயே சிலவற்றில் அணுக்கள் இருபது முகக் கூண்டுகளாகக் கூடியிருக்கின்றன. அவற்றை வேகமாகக் குளிரவைத்தால் குவாசிபடிகம் கிடைக்க வேண்டும். மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் மூன்றையும் அப்படிக் கலந்தார்கள், கிடைத்தது. அதையும் 1985லேயே ‘பிரமாணா’ இதழில் எழுதினார்கள்.

இதையெல்லாம் எதற்கு இத்தனை விவரமாகச் சொல்கிறேன் என்றால், இது அத்தனையும் எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் தப்பு செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. ஓய்வு நாளில் திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறி அண்ணா சாலை அமெரிக்க நூலகத்துக்குப் போவேன். ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் 1991இல் வந்த குவாசிபடிகக் கட்டுரையை அங்கேதான் படித்தேன். பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றிப் பிரசங்கமும் செய்வேன். யாருக்கும் புரியவில்லை என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இனி நடந்தது. எண்ணூரில் லாரிகள் உருவாகும், திருவொற்றியூரில் புல்லட் உருவாகும் பகுதி அது. அவற்றுக்கும் இன்னும் பலவற்றுக்கும் உதிரிபாகம் வார்க்கும் சிறு பட்டறைகள் சந்துக்குச் சந்து இருந்தன. எங்களுடையது அதில் ஒன்று. வார்ப்பு அலுமினியத்தில் செம்பு கலக்க வேண்டும் என்றால், செம்பை நேராகப் போடமாட்டோம். பாதிக்குப் பாதி அலுமினியமும் செம்பும் உருக்கி மாஸ்டர் அலாய் செய்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து வேண்டிய அளவு சேர்ப்போம். காயலாங்கடையிலிருந்து வரும் செம்புக் கம்பிதான் சரக்கு. அதை உருக்குவது இரும்புச் சட்டியில். உருகிய அலுமினியம் இரும்பைத் தின்னும். அதனால் சட்டிக்கு உள்ளே பூச்சு பூச வேண்டும். பூச்சு தேய்ந்தால் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உள்ளே ஏறும். இரும்பு மிகுந்த கட்டிகள் அடியில் கசடாகப் படியும்.

1990களின் நடுவில் ஒரு பொங்கல் விடுமுறை. அடுப்பை அணைத்தவர்கள் அடியில் நின்றதைக் கவிழ்க்காமல் மூடிவிட்டுப் போய்விட்டார்கள். செங்கல் உலைக்குள் அது மெல்ல மெல்லக் குளிர்ந்தது. விடுமுறை முடிந்து வந்த உலைக்கார அண்ணன், அந்த அடிக்கட்டியைச் சம்மட்டியால் உடைத்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். திருச்சினாங்குப்பத்துக்காரர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் உலைக்கு வந்தவர். உருகிய உலோகத்தின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார். என் தெர்மோகப்பிள் அவரோடு ஒத்துப்போகாத நாளில் தெர்மோகப்பிளைத்தான் மாற்றியிருக்கிறோம்.

“சார், சட்டி அரிச்சிக்கினு போவுது. அடிக்கட்டிய ஒடச்சா இரும்பு மாரி இல்ல, கண்ணாடி மாரி தெறிக்குது. உள்ள பொந்துல பாருங்க, இன்னாவோ மின்னுது. அஞ்சு மூலை சார். எல்லாத்துலயும் அஞ்சுதான். எண்ணிப் பாத்துட்டேன்.”

நான் வாங்கி, வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பினேன். பொந்துக்குள் சின்னச் சின்ன முகங்கள் மின்னியது தெரிந்தது. எண்ணவில்லை.

“அஞ்சு மூலையில படிகம் வராதுண்ணே. இரும்பு ஏறிப்போச்சு. சட்டிய மாத்திடலாம்.”

இரும்பு எவ்வளவு என்று மட்டும் சோதித்தேன். வரம்புக்கு மேல் என்று எழுதினேன். புதுச் சட்டி வந்தது. துண்டு, மற்ற கழிவோடு அடுத்த உருக்கில் போய்விட்டது. வேலைக் கணக்கில் பார்த்தால் நான் செய்தது சரி. சட்டி ஓட்டையாகி உலோகம் கொட்டாமல் தடுத்தவர் அவர்; அதற்குக் கையெழுத்துப் போட்டவன் நான்.

இப்போது சாக்குகள்.

முதல் சாக்கு: குவாசிபடிகம் வேண்டுமென்றால் நொடிக்குப் பத்து லட்சம் டிகிரியில் குளிரவேண்டும், இது பொங்கல் முழுக்கக் குளிர்ந்தது. ஷெக்ட்மனின் அலுமினியம்–மாங்கனீசுக்கு அது பொருந்தும். அது அவசரத்தில் பிறந்த அடுக்கு. சூடேற்றினால் கலைந்து சாதாரணப் படிகமாகிவிடும். ஆனால் 1987இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் தைவான்காரர் ஆன் பாங் சாய், அகிஹிசா இனோவே, ட்சுயோஷி மசுமோட்டோ மூவரும் அலுமினியம்–செம்பு–இரும்பில் கண்டது வேறு. மெல்லக் குளிரவைத்தாலும் அது வந்தது. சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் கலையாமல் இன்னும் சீரானது. பிறப்பதும் வேறு வழியில்தான். உருகிய கலவை குளிரும்போது முதலில் இரும்பு மிகுந்த சாதாரணப் படிகங்கள் உறைகின்றன. மிச்சமிருக்கும் செம்பு மிகுந்த திரவம், சுமார் 860–880 டிகிரியில், அந்தப் படிகங்களையே திரும்பக் கடித்து வினைபுரிகிறது. அந்த வினையில்தான் குவாசிபடிகம் உண்டாகிறது. வேகம் அங்கே உதவாது. வினை முடிய நேரம் வேண்டும். சுருங்கிய பொந்துகளில் இடம் கிடைத்தால் பன்னிரண்டு ஐங்கோண முகங்கள் கொண்ட குட்டிப் பந்துகளாக வளரும். இதை நான் நூலகத்தில் படித்திருந்தேன். படமும் பார்த்திருந்தேன்.

இரண்டாம் சாக்கு: அந்தச் சேர்மானம் மிகக் குறுகியது, தற்செயலாக வராது. இதில் பாதி உண்மை. நூறு அணுவில் அலுமினியம் 62, 63. செம்பு 24 முதல் 26. இரும்பு 12, 13. கொஞ்சம் விலகினால் வேறு கட்டங்கள், அதாவது வேறு விதமாக அடுக்கப்பட்ட சேர்மங்கள், கலந்துவிடும். ஏன் இத்தனை பிடிவாதம் என்றால், அணுக்களின் உருவ அளவு மட்டுமல்ல, அவை பொதுவில் விடும் எலக்ட்ரான்களின் கணக்கும் பொருந்த வேண்டும். அலுமினியம் மூன்று தருகிறது, செம்பு ஒன்று; இரும்பு தருவதற்குப் பதில் வாங்கிக்கொள்கிறது. சராசரி ஒரு குறிப்பிட்ட அளவில் நின்றால், எலக்ட்ரான்களின் அலைநீளமும் அணு அடுக்கின் இடைவெளியும் இசைந்து, மேல்நிலை எலக்ட்ரான்களின் ஆற்றல் இறங்குகிறது. ஆற்றல் இறங்கும் அடுக்கை உலோகம் விடாது. அதே காரணத்தால்தான் குவாசிபடிகம் உலோகத்தைப்போல நடந்துகொள்வதில்லை. மின்சாரத்தையும் சூட்டையும் கஷ்டப்பட்டே கடத்துகிறது. அடித்தால் வளையாமல் நொறுங்குகிறது. கண்ணாடி மாதிரி தெறிக்கிறது என்று அண்ணன் சொன்னது இந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாதாரண இரும்புக் கட்டங்களும் நொறுங்கும் என்பது வேறு. ஆனால் நான் அதைக்கூட யோசித்து ஒதுக்கவில்லை.

சேர்மானத்தை ஓய்வுபெற்ற பிறகுதான் தாளில் போட்டுப் பார்த்தேன். பாதிக்குப் பாதி அலுமினியமும் செம்பும் இருக்கும் சட்டியில், மொத்த எடையில் 17 சதவீதம் இரும்பு சேர்ந்தால், நூறு அணுவில் அலுமினியம் ஏறக்குறைய 62, செம்பு 26, இரும்பு 12. எங்கள் மாஸ்டர் அலாய் பூச்சு தேய்ந்த சட்டியில் நடந்துபோகும் பாதை, சாயின் சேர்மானத்தை உரசிக்கொண்டே போகிறது. அந்த அடிக்கட்டி அங்கேதான் நின்றது என்று நான் சாதிக்கவில்லை. செம்பும் அலுமினியமும் எவ்வளவு என்று சோதிக்காததால், யாருமே சாதிக்கவோ மறுக்கவோ முடியாதபடி செய்துவிட்டேன்.

மூன்றாம் சாக்கு: ஐந்து மூலை முகம் சாதாரணப் படிகத்திலும் வரும். இதைப் படித்தவர்கள் உடனே சொல்வார்கள். நானும் பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது பன்னிரண்டு ஐங்கோண முகங்களோடு கிடைக்கிறது. அது சுத்தமான கனசதுரக் குடும்பத்துப் படிகம். சரிதான். ஆனால் அந்த ஐங்கோணம் ஒழுங்கற்றது. பைரைட்டில் இரண்டு முகங்கள் சந்திக்கும் கோணம் சில விளிம்பில் சுமார் 127 டிகிரி, மற்றவற்றில் சுமார் 114. ஒழுங்கான பன்னிரண்டுமுகியில் எல்லா விளிம்பிலும் ஒரே கோணம்: 116.6. பத்து டிகிரி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டாம், பெங்களூருக்கும் போக வேண்டாம். துண்டை மைக்ரோஸ்கோப் மேடையில் வைத்து, கோணமானியை ஒட்டிப் பார்த்தால் போதும். மைக்ரோஸ்கோப் மேசைமேல் இருந்தது. கோணமானி இழுப்பறையில் இருந்தது.

இந்த இடத்தில் லைனஸ் பாலிங்கை நினைத்துக்கொள்கிறேன். இரண்டு நோபல் பரிசு வாங்கிய வேதியியல் மேதை. குவாசிபடிகம் என்று ஒன்றே இல்லை, கனசதுரப் படிகங்கள் ஒட்டிப் பிறந்து ஐந்துமடி போல ஏமாற்றுகின்றன என்று 1985இல் எழுதினார். 1994இல் இறக்கும்வரை மாறவில்லை. அவரை இன்று பிடிவாதக்காரர் என்று எல்லோரும் ஏசுகிறார்கள். நான் ஏசமாட்டேன். அவர் மற்றவர்களின் படங்களை வாங்கி அளந்தார், தன் மாதிரியை எண்களோடு எழுதினார், மற்றவர்கள் அதைத் தவறென்று காட்ட வழி வைத்தார். தவறாகச் சொல்வதற்கும் உழைக்க வேண்டும் என்பதை அவர் காட்டினார். நான் உழைக்காமலே தவறாகச் சொன்னவன்.

இன்னொரு ஜோடியும் என்னைக் குத்துகிறது. பிரிட்டனில் ஏ. ஜே. பிராட்லியும் எச். ஜே. கோல்ட்ஷ்மிட்டும் 1939இல் இதே அலுமினியம்–செம்பு–இரும்பை மெல்லக் குளிரவைத்து ஆராய்ந்தார்கள். ஒரு கட்டத்தின் அமைப்பு எதிலும் அடங்கவில்லை. அதற்கு ‘சை’ என்ற கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்து, அமைப்பு விளங்கவில்லை என்று விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, அந்தச் ‘சை’தான் நிலையான குவாசிபடிகம் என்று தெரிந்தது. ஷெக்ட்மனுக்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே அது இருவர் மேசையில் இருந்திருக்கிறது. அவர்களும் அடையாளம் காணவில்லை. ஆனால் புரியாததைப் புரியவில்லை என்று எழுதிவைத்தார்கள். என் ஏட்டில் அந்தத் துண்டுக்கு எதிரே இருப்பது ‘கழிவு’ என்ற சொல்.

நான்காம் சாக்கை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மற்ற மூன்றும் அதை மறைக்க நான் பின்னால் தேடிக்கொண்டவை. திருவொற்றியூர்ச் சந்தில், காயலாங்கடைச் செம்பில், அரித்துப்போன சட்டியில், சம்மட்டி பிடித்தவர் கையில் அப்படி ஒன்று வராது. அதுதான் நான்காம் சாக்கு. குவாசிபடிகம் என்றால் ஜப்பான், மிஞ்சினால் பெங்களூர். சுத்தமான உலோகம், சுத்தமான அறை, சுத்தமான ஆட்கள். ‘அஞ்சு மூலையில படிகம் வராதுண்ணே’ என்று நான் சொன்னபோது என் மனதில் இருந்தது பழைய பாடப்புத்தகம் அல்ல. வரும் என்று எனக்குத் தெரியும். உங்கள் கையில் வராது என்பதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொன்னேன்.

வடசென்னையில் பிறந்து வளர்ந்தவன் இதைச் சொல்வது வெட்கக்கேடு. இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டது இதே சென்னைதான்; 1898இல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் தொடங்கிய முயற்சி. எங்கள் பகுதியின் பட்டறைகளில் நாளெல்லாம் உலோகம் உருகுகிறது. உருகும் உலோகம் அறிவியல் விதிகளைப் பின்பற்றுவதற்கு முன் முகவரி கேட்பதில்லை. இருந்தும், எங்கள் ஊரைப் பற்றி வெளியார் வைத்திருக்கும் ஏளனத்தை நானே உள்ளே வாங்கி, எனக்கு ஒருபடி கீழே இருந்தவர்மேல் இறக்கிவைத்தேன்.

இயற்கைக்கு அந்தச் சுத்தபத்தம் கிடையாது என்பது அடுத்தடுத்து வெளிவந்தது. ஒவ்வொரு செய்தியும் என் நான்காம் சாக்கின்மேல் விழுந்த அடி. 2009இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் அருங்காட்சியகக் கல் ஒன்றில் லூக்கா பிந்தி, ஸ்டைன்ஹார்ட் குழு இயற்கைக் குவாசிபடிகத்தைக் கண்டது. சேர்மானம் அலுமினியம் 63, செம்பு 24, இரும்பு 13. சாய் ஆய்வகத்தில் செய்ததற்குப் பக்கத்திலேயே. 2011இல் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் சுகோட்காவுக்கே போய்க் களிமண்ணைச் சலித்து, அது விண்கல் என்று உறுதி செய்தார்கள். விண்வெளியில் பாறையும் பாறையும் மோதிய அதிர்ச்சியில் பிறந்தது. 2016இல் அந்த மோதலை ஆய்வகத்தில் பீரங்கி வைத்துச் செய்து பார்த்தபோதும் குவாசிபடிகம் வந்தது. வந்ததில் குரோமியமும் இருந்தது. கலவையில் யாரும் குரோமியம் வைக்கவில்லை. சுற்றியிருந்த துருப்பிடிக்காத எஃகுக் கூட்டிலிருந்து ஏறியிருந்தது. பாத்திரமும் சேர்ந்து கரைந்திருந்தது, எங்கள் சட்டியைப்போல.

2021இல் இன்னொன்று. 1945 ஜூலை 16 அன்று நியூமெக்சிகோவில் முதல் அணுகுண்டைச் சோதித்த இடத்தில், பாலைமணலும் கருவிகளின் செம்புக் கம்பியும் உருகிக் கலந்த சிவப்புக் கண்ணாடிக் கட்டிக்குள் ஒரு குவாசிபடிகம். 2022இல் நெப்ராஸ்காவின் மணற்குன்றில், அறுந்து விழுந்த மின்கம்பிக்குப் பக்கத்தில் உருகிய மணலுக்குள் மற்றொன்று, இது பன்னிரண்டுமடி. பாறை மோதல், குண்டு, அறுந்த கரண்டுக் கம்பி. இவற்றில் எந்த இடத்தையும் யாரும் துடைத்துவைத்திருக்கவில்லை.

இவை கலையாமல் நிற்பது ஏன் என்பதிலும் வெகுநாள் வழக்கு இருந்தது. ஒரு சாரார், அணுக்கள் பல விதமாக இடம் மாறி அமரும் வாய்ப்பு குவாசிபடிகத்தில் அதிகம், அந்தக் கலைசலே சூட்டில் அதைக் காப்பாற்றுகிறது, குளிர்ந்தால் அது ஆற்றலின் உண்மையான கீழ்நிலை அல்ல என்றார்கள். மறுசாரார், எலக்ட்ரான் கணக்கே போதும், கடுங்குளிரிலும் அது நிற்கும் என்றார்கள். 2000இல் சாயின் குழு காட்மியம்–இட்டெர்பியம் என்ற இரண்டே உலோகங்களில் நிலையான குவாசிபடிகத்தைக் கண்டபோது கணக்குப் போடுவது எளிதானது. இரண்டுமே அணுவுக்கு இரண்டு எலக்ட்ரான் தருபவை. கடைசியில் 2025இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு, குவாசிபடிகத்திலிருந்து வெவ்வேறு அளவுத் துகள்களை வெட்டியெடுத்ததுபோலக் கணினியில் வைத்து, பரப்பின் ஆற்றலையும் உள்ளிருக்கும் ஆற்றலையும் பிரித்துக் கணக்கிட்டது. காட்மியம்–இட்டெர்பியமும் ஸ்காண்டியம்–துத்தநாகமும் உண்மையிலேயே கீழ்நிலையில்தான் நிற்கின்றன. போட்டியிடும் சாதாரணப் படிகங்களுக்கு அவை தோற்கவில்லை. அதாவது சில குவாசிபடிகங்கள் அவசரத்தின் பிழையோ சூட்டின் தயவோ அல்ல. அந்த அணுக்கள் விரும்பித் தேர்ந்துகொள்ளும் அமைப்பு.

இனி இரண்டாம் குற்றம். 2011 அக்டோபரில் ஷெக்ட்மனுக்கு வேதியியல் நோபல் அறிவித்தார்கள். ஒரு கல்லூரியில் உலோகவியல் மாணவர்களுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சு சூடு பிடிக்கவில்லை. மாணவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அப்போது என் வாயில் அந்தத் துண்டு வந்தது. “நம்ம திருவொற்றியூர்லயே நான் ஒண்ணைப் பார்த்திருக்கேன்” என்றேன். அரங்கம் நிமிர்ந்தது. பொந்தில் மின்னியதைச் சொன்னேன். ஐந்து மூலைகளை நான் எண்ணியதாகச் சொன்னேன். நிர்வாகம் அவசரப்பட்டு உருக்கிவிட்டது என்று ஒரு பொய்யையும் சேர்த்தேன். கைதட்டினார்கள்.

ஒருமுறை சொன்னால் அது வழக்கமாகிவிடும். அடுத்தடுத்த இடங்களில் துண்டு பெரிதானது, முகங்கள் கூர்மையாயின, நான் இன்னும் இளைஞனாகவும் இன்னும் தனியனாகவும் ஆனேன். அறிவாளியை உலகம் புரிந்துகொள்ளவில்லை என்ற ஷெக்ட்மனின் கதைக்குள் என்னைப் பொருத்திக்கொண்டேன். கேட்டவர்கள் யாரும் சந்தேகப்படவில்லை. கதையில் ஒரு உலைக்காரர் இருந்தார் என்பதே அவர்களுக்குத் தெரியாதே. நிஜக் கதையில் என் வேடம் ஷெக்ட்மனுடையது அல்ல. அவரைக் குழுவை விட்டுப் போகச் சொன்னவர்களின் வேடம்.

அண்ணனை ஒருநாள் பெரியார் நகர்ப் பக்கம் டீக்கடையில் பார்த்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. கண் அதே கண். மேடையில் அடித்த கதையை அவரிடமே சொல்லிவிட்டேன். அதைச் சொல்லத்தான் தைரியம் வேண்டியிருந்தது. நோபல், விண்கல், அணுகுண்டு எல்லாம் கேட்டுவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்:

“அத்த அன்னிக்கே சொன்னேனே சார். நீங்க வராதுன்னீங்க, வுட்டுட்டேன். அப்புறமும் ரெண்டு மூணு தபா வந்துச்சு. உங்களாண்ட எடுத்தாந்து இன்னா ஆவப் போவுதுன்னு நானே உருக்கிட்டேன்.”

நான் தொலைத்தது ஒரு துண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். நான் அவரிடம் பேசிய ஒரு வாக்கியம், அதன்பின் வந்த துண்டுகளையும் உலைக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது. சோதனைக்கூடம் என்பது கருவிகளால் நடப்பதல்ல; வித்தியாசமாக ஒன்றைக் கண்டவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வர மனம் வைப்பதால் நடப்பது. அந்த மனத்தை நான் கெடுத்தேன். அந்தத் துண்டுகள் வெறும் இரும்புக் கசடாகவே இருந்திருந்தாலும் இந்தக் குற்றம் அப்படியேதான் நிற்கும்.

அவர் மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். நான் மன்னிப்புக் கேட்டபோது, “அதுக்கு வெல எவ்ளோ சார் இருக்கும்?” என்று கேட்டார். உலோகத்துக்கு ஒன்றும் இருக்காது, ஆனால் உங்கள் பெயர் எங்காவது அச்சில் வந்திருக்கும் என்றேன். பெயர் போடட்டுமா என்றும் கேட்டேன். இப்போது போட்டு என்ன பயன், வேண்டாம் என்றார். அதனால் போடவில்லை.

ஆனால் ஒரு திருத்தம் பாக்கியிருக்கிறது. என் பேச்சைக் கேட்ட மாணவர்கள் இன்று பொறியாளர்களாக இருப்பார்கள். சிலர் அந்தக் கதையைத் தங்கள் மாணவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கலாம். இனிச் சொல்வதானால் இப்படிச் சொல்லுங்கள்: ஐந்து மூலைகளைக் கண்டவர் திருவொற்றியூரின் ஒரு உலைத் தொழிலாளி. சட்டி அரிப்பதைக் கண்டவரும் அவரே. அது குவாசிபடிகமா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்குப் பொறுப்பு, நிர்வாகம் அல்ல, சோதனைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தவன்.